கூலிக் கணக்கும் ஒரு பத்திரிகைக்காரரும்



மூணாறு, பீர்மேடு மலைத்தோட்டங்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் இந்தக் கேரள அவையில், உழைப்பவருக்காக எழுதிய பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றிப் பேச இந்த அறக்கட்டளையார் அழைத்தார்கள். நான் ஒரு யூதரைத் தேர்ந்தெடுத்ததில் சிலருக்கு வியப்பு. கேரளத்து யூதர் என்றால் மட்டாஞ்சேரியின் ஏ. பி. சேலம் அல்லவா நினைவுக்கு வர வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். 1882-இல் பிறந்த அந்த வழக்கறிஞர், அடிமை வழி வந்தவர்கள் என்று தம் மக்களை ஒதுக்கி உட்கார வைத்த பரதேசி ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தவர். அவருக்குத் தனிச் சொற்பொழிவு வேண்டும். நான் இன்று எடுத்துக்கொள்வது, அதே 1882-இல் இங்கிலாந்தின் டோவரில் பிறந்த ஹென்றி சாலமன் லியோன் போலக். எழுத்துதான் அவர் தொழில். அந்தத் தொழிலின் மிகச் சிறந்த ஆண்டுகளைத் தமிழ்க் கூலிகளின் வழக்குக்குக் கொடுத்தார்.

வழக்கு என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. 1911-க்குள் அப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000-க்கு மேல். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுபடி கையெழுத்திடாமலும் தங்கினால், 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதம். பிறகு அந்த வரி 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும் நீண்டது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் 12 பவுன். கங்காணியின் முன்பணக் கணக்கில் தலைமுறை தலைமுறையாகச் சிக்கிக் கிடந்த மலைத்தோட்டக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

போலக் ஜோகன்னஸ்பர்க்கில் ‘கிரிட்டிக்’ இதழின் துணையாசிரியர். 1904-இல் இந்தியர் குடியிருப்பில் பிளேக் பரவியபோது காந்தி பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு மரக்கறி உணவகத்தில் அவரைச் சந்தித்தார். டர்பன் ரயிலில் படிக்கட்டும் என்று ரஸ்கினின் நூலைக் காந்தி கையில் கொடுத்தவரும் போலக்தான். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதிலிருந்து பிறந்த கதை ஊரறிந்தது. நமக்கு வேண்டியது, 1906-இலிருந்து போலக் காந்தியின் ‘இந்தியன் ஒப்பினியன்’ வார இதழின் ஆசிரியர் ஆனார் என்பது.

அவருடைய யூதப் பிறப்புக்கும் இந்தப் பணிக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் காந்திக்கு மிக நெருங்கிய வெள்ளையரில் காலன்பாக், சோன்யா ஷ்லேசின், போலக் மூவரும் யூதர். கேப் காலனியின் 1902-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஐரோப்பிய மொழி எழுதத் தெரியாதவரை உள்ளே விடாது. இந்தியரைத் தடுக்க வந்த அந்த வேலி ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதரையும் தடுத்தது. அவர்கள் பேசிய இத்திஷ் ஐரோப்பிய மொழிதான் என்று வாதாட வேண்டியிருந்தது. வாசலில் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்று அந்தச் சமூகத்துக்குத் தெரியும்.

1909-இல் டிரான்ஸ்வால் இந்தியர்கள் தங்கள் நிலையை எடுத்துச்சொல்லப் போலக்கை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சென்னையில் ‘இந்தியன் ரிவ்யூ’ ஆசிரியர் ஜி. ஏ. நடேசன் அவருக்குத் துணை நின்றார். தென்னாப்பிரிக்க இந்தியரைப் பேரரசுக்குள்ளே வாழும் அடிமைகள் என்று தலைப்பிலேயே சொன்ன போலக்கின் புத்தகத்தை அந்த ஆண்டே நடேசன் வெளியிட்டார். அதில் கண்ணீர் குறைவு. சட்டப்பிரிவு, வரி, தண்டனை, ஒப்பந்த விதி என்று ஆவணம் அதிகம். கூலி எழுதப்படிக்கத் தெரியாதவன்; அவன் சொல்லை எந்த அதிகாரியும் தள்ளிவிடலாம். அரசாங்கத்தின் சொந்தச் சட்டத்தை எப்படித் தள்ளுவது? 1910 பிப்ரவரியில் கோகலே இந்தியப் பேரரசுச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தபோது அரசு இணங்கியது. 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவது நின்றது. தீர்மானம் கோகலேயுடையது, அதற்கு மண் பதப்படுத்தியதில் போலக்குக்குப் பெரும் பங்கு.

அதே 1910-இல் டிரான்ஸ்வால் அரசு சத்தியாகிரகிகளைப் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் தள்ளியது. பெரும்பாலோர் தமிழர், தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, சென்னையைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவர்களில் உண்டு. நடேசனும் நண்பர்களும் அவர்களுக்குத் தங்க இடமும் சோறும் பார்த்துக்கொண்டார்கள். திரும்பிப் போனவர்களுள் ஒருவர் நாராயணசாமி. துறைமுகம் துறைமுகமாக இறங்க விடாமல் விரட்டப்பட்டு, அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் இறந்தார்.

ஒரு குறையைச் சொல்லாமல் போனால் நான் வெறும் புகழ்மாலை கட்டியவனாவேன். ‘இந்தியன் ஒப்பினியன்’ 1903-இல் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் நான்கிலும் வந்தது. 1906-இல் தமிழும் இந்தியும் நின்றன. சரியான ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். ஆக, சிறைக்குப் போனதில் முன்னணியில் நின்ற தமிழர்கள், தங்களைப் பற்றி எழுதிய இதழைப் பிறர் சொல்லித்தான் கேட்டார்கள். தம்பி நாயுடுவைப் போல் தமிழில் கூட்டத்தைக் கட்டி நிறுத்தத் தெரிந்தவர்கள் அருகிலேயே இருந்தபோது இப்படி நேர்ந்தது எனக்கு உறுத்துகிறது.

அந்த 3 பவுன் வரியை எதிர்த்து 1913 நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வரக் காரணம், அதற்கு முன் சுரங்க வாசல்களுக்குச் சென்று பேசிய தமிழ்ப் பெண்கள். போலக் அப்போது இந்தியாவுக்குக் கிளம்ப வேண்டியவர். விவரம் பேச வழியில் காந்தியைச் சந்தித்தார். இருவரும் பேசிக்கொண்டே முன்னால் நடக்கையில் காந்தி கைதானார். நடைப்பயணம் அப்படியே போலக் தலையில் விழுந்தது. மறுநாள் பால்ஃபர் நிலையத்தில் எல்லாரையும் திருப்பி அனுப்ப ரயில்கள் நின்றன. காந்தி சொல்லாமல் ஏறமாட்டோம் என்றது கூட்டம். போலீஸ் துப்பாக்கியோடு நிற்கிறது. போலக்கும் டிரான்ஸ்வால் இந்தியர் தலைவர் காச்சாலியாவும் ஆளாளாகப் பேசி ஏற்றினார்கள். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. தலையங்கம் எழுதுகிறவர்களில் எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும்?

பிறகு அவரும் கைதானார். வால்க்ஸ்ரஸ்ட் வழக்கு ஒரு வேடிக்கை. தண்டிக்க அரசிடம் சாட்சி இல்லை; காந்தி, காலன்பாக், போலக் மூவரும் ஒருவருக்கெதிராக ஒருவர் சாட்சி சொல்லிச் சிறையை வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம். டிசம்பரிலேயே விடுதலை. 1914-இல் 3 பவுன் வரி ஒழிந்தது.

பின்னாளில் லண்டனில் வழக்கறிஞராகவும் கடல்கடந்த இந்தியர்களுக்காக மனு எழுதுபவராகவும் இருந்தார். ஒத்துழையாமையைப் போலக் ஏற்கவில்லை; காந்தியிடமே அதைச் சொன்னார். 1959-இல் இறந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். 2015 செப்டம்பரில் மூணாற்றில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பெம்பிளை ஒருமை என்று திரண்டு, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை. யாருடைய எழுத்துக்கும் காத்திராமல் தாங்களே பேசினார்கள். அந்த நாட்களின் சம்பளச் சீட்டுகளும் லயத்துக் கணக்குகளும் இன்னும் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு என்னைப் போன்றவனை அழைக்காமல், அந்தத் தொகையில் அவற்றைத் திரட்டித் தமிழில் அச்சிட ஆள் வையுங்கள். வேலையை மலையிலேயே பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தியிடம் கொடுங்கள்.