"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள்



வரைகலை படிக்கும் தம்பி, தங்கைகள் வேலைக்குக் காட்டும் போர்ட்ஃபோலியோவை நீட்டி, "நல்லா இருக்கா அண்ணா?" என்கிறார்கள். நாமும் "சூப்பர்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதன் விலை இன்டர்வியூவில்தான் தெரிகிறது.

படப்பை, ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் டிராயிங் அழகா என்று பார்ப்பதில்லை; மெஷினில் நிற்பவருக்குப் புரியுதா என்றுதான் பார்ப்போம். தம்பி, தங்கைகளே, நீங்களும் அப்படியே கேளுங்க: "அஞ்சு விநாடி பாருங்க. என்ன புரிஞ்சுது? எதை எடுத்துடலாம்?"

2010-இல் அரசு ஏற்ற ரூபாய்க் குறியை வரைந்தவர் தமிழ்நாட்டு உதயகுமார். தேவநாகரி 'ர', ரோமன் 'ஆர்', மேலே இரண்டு கோடு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. உங்கள் தொகுப்பில் காரணம் சொல்ல முடியாத படத்தை எடுத்துடுங்க.

பழைய மாணவர்களே, பாராட்டோடு ஒரு குறையும் சொல்லி அனுப்புங்கள்.