வேரியபிள் ஸ்கோப்: உள்ள ஒரு பேர், வெளிய அதே பேர்

கோடிங் புதுசா கத்துக்கிறவங்க நிறைய பேர் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. வேரியபிள் ஸ்கோப். இன்னைக்கு அதைப் பார்ப்போம்.

லேண்ட்லைன் போனை நினைச்சுக்கோங்க. விழுப்புரத்துக்கு எஸ்டிடி கோட் 04146, திண்டிவனத்துக்கு 04147. கோட் போடாம லேண்ட்லைன்ல ஆறு இலக்க நம்பரை மட்டும் அடிச்சா, நீங்க இருக்கிற ஊர்லதான் மணி அடிக்கும். அதே நம்பர் அடுத்த ஊர்ல வேற ஒருத்தர் வீட்ல இருக்கலாம். வேரியபிள் பேரும் அப்படித்தான். ஒரு பேர் எந்த எல்லைக்குள்ள செல்லும்ங்கிறதுதான் ஸ்கோப்.

இப்ப பைத்தானுக்கு வருவோம். பைத்தான் 3-ல வேரியபிளுக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம். விழுப்புரத்துல ஒரு பஸ் கிளம்புது, முதல் வரியில 'பயணிகள் = 30'. கீழ 'திண்டிவனம்'னு ஒரு ஃபங்ஷன், அதுக்குள்ள 'பயணிகள் = 45'. ஃபங்ஷனைக் கூப்பிட்டுட்டு, வெளிய பிரிண்ட் பண்ணுங்க. 30தான் வரும். உள்ள இருக்கிறது லோக்கல் வேரியபிள். ஃபங்ஷன் முடிஞ்சதும் அது போயிடும். எரர் வராது. அதுதான் ஆபத்து. புரோகிராம் ஓடும், கணக்கு தப்பா இருக்கும்.

அடுத்து, உள்ள இருக்கிற வரியை 'பயணிகள் = பயணிகள் + 15'னு மாத்துங்க. அன்பவுண்ட்லோக்கல்எரர் வரும். "வெளியதான் 30 இருக்கே, எடுத்துக்க வேண்டியதுதானே?"ன்னு தோணும். ஆனா பைத்தான், ஃபங்ஷனை ஓட்டுறதுக்கு முன்னாடியே முழுசா படிச்சிடும். உள்ள எந்த வரியிலயாவது ஒரு பேருக்கு மதிப்பு கொடுத்திருந்தா, ஃபங்ஷன் முழுக்க அந்தப் பேர் லோக்கல்தான். அதனால வலது பக்கம் இருக்கிற 'பயணிகள்'ஐயும் உள்ளயே தேடும். அங்க இன்னும் மதிப்பே வரலையே!

உள்ள வெறுமனே பிரிண்ட் மட்டும் பண்ணினா இந்தச் சிக்கல் இல்லை. உள்ள அந்தப் பேர் இல்லாததால வெளிய போய் 30ஐ எடுத்துக்கும்.

சரி, தீர்வு? உள்ள முதல் வரியா 'குளோபல் பயணிகள்'னு எழுதினா வேலை நடக்கும். ஆனா இருபது ஃபங்ஷன் இப்படி எழுதினா, எண்ணிக்கையை மாத்தினது யாருன்னு தேடியே நாள் போயிடும். நல்ல வழி, எண்ணிக்கையை பாராமீட்டரா உள்ள அனுப்பி, புது எண்ணிக்கையை ரிட்டர்ன்ல வாங்கிக்கிறது. வெளிய 'பயணிகள் = திண்டிவனம்(பயணிகள்)'னு ஒரே வரி. எங்க மாறுதுன்னு கண்ணுக்கு நேரா தெரியும்.

இதையெல்லாம் நீங்களே டைப் பண்ணி ஓட்டிப் பாருங்க. ஓட்டுறதுக்கு முன்னாடி, என்ன விடை வரும்னு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. எழுதினதும் வந்ததும் ஒத்துப்போச்சுன்னா, ஸ்கோப் புரிஞ்சிடுச்சு. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!