சபைக்கு வந்த வைத்தியர்

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே! உபசார வார்த்தைகளைத் தவிர்க்க அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில், மசோதாக்களின் நகலைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்துப்போன ஒரு சட்டசபைச் செயலக உத்தியோகஸ்தனுக்கு, முகவுரை நீண்டால் ஷரத்துக்கள் மெலிந்துவிடும் என்ற அச்சம் ஓய்வு பெற்ற பின்னும் போவதில்லை.

உங்கள் வயதில் நான் சென்னையில் சரித்திர மாணவன். விடுதி அறையின் புழுக்கம் தாங்காமல் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் ஆசனம் பிடிப்பது என் வழக்கம். காற்றுக்காக வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நூலகர் எழுப்பிவிடுவார் என்ற பயத்தில், அலமாரியில் யாரும் தொடாதிருந்த தொகுதிகளை எடுத்துப் பிரித்து வைத்துக்கொள்வேன். அவை பழைய சென்னை மாகாணச் சட்டசபையின் நடவடிக்கைக் குறிப்புகள். தோல் அட்டையின் முதுகு பொடிந்து செந்தூள் விரலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இன்ன கிராமத்துக் கிணறு, இன்ன ஆற்றுப் பாலம் என்று வினாக்கள். விஷயம் சர்க்காரின் ஆலோசனையில் இருப்பதாக விடைகள். இந்தச் சலிப்புக்கு நடுவே 1927-ஆம் ஆண்டுத் தொகுதிகளில், ஆடவர் பெயர்களுக்கிடையே ஒரே ஒரு பெண்மணியின் பெயர் திரும்பத் திரும்ப வரக் கண்டேன். அன்று தொடங்கிய பித்து இன்னும் தெளியவில்லை. ஆகவே இன்றைய உரையும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைப் பற்றியதாகவே அமைவதைப் பொறுத்தருள்க.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, ஆண்பிள்ளைகளே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புக்களை மீறித் தொண்டைமான் மன்னரின் அனுமதியால் இடம் பெற்று, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியப் பட்டம் வாங்கிய அவருடைய வரலாற்றை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய சட்டசபை வாழ்வோ முழுதாக நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. மாதர் சங்கத்தாரின் சிபாரிசின்பேரில் சர்க்கார் நியமித்த அங்கத்தினராகவே அவர் சபைக்குள் வந்தார்; நோயாளிகளை விட்டு வரவேண்டுமே என்று முதலில் தயங்கவும் செய்தார். வந்தவரைச் சபையின் உபதலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை, பெண்களின் விவாக வயதை உயர்த்துதல் என்று அவர் வாதாடிய விஷயங்கள் பல. அவற்றையெல்லாம் விரித்தால் மதிய உணவு ஆறிவிடும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கோயில்களில் சிறுமியர்க்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தையும், பின்னர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவர்களோடு நிகழ்ந்த வாதத்தையும் மேடைப் பேச்சாளர்கள் சுவைபடச் சொல்வார்கள். நானும் கேட்டு ரசித்ததுண்டு. ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது, எவரும் கைதட்டாத 1929-ஆம் ஆண்டுத் திருத்தம். கோயில் ஊழியத்துக்கென்று தாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். நிலம் போகாதிருக்க வேண்டுமானால் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டியே ஆகவேண்டும். பாட்டியின் பக்தியோ, தாயின் பேராசையோ, ஊராரின் ஒழுக்கக்கேடோ மட்டுமே இவ்வழக்கத்துக்குக் காரணம் என்று உபந்நியாசம் செய்துகொண்டிருந்தவர்களுக்கிடையில், அந்தப் பெண்ணைக் கட்டி வைத்திருந்த கயிற்றின் மறுநுனி நெல் விளையும் ஒரு காணி நிலத்தில் முடிச்சிடப்பட்டிருப்பதை இந்த வைத்தியர் கண்டார். தேவதாசி மரபுள்ள இசை வேளாளர் குலத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகளான அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1926-ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, ஊழியக் கடனை நீக்கி, அதற்கு ஈடாக ஒரு தொகையை மட்டும் விதித்து, நிலம் அப்பெண்களிடமே நிலைக்க வழி செய்தார். பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் மசோதாவை அதன் பின்னரே, 1930-ல், சபையின் முன் வைத்தார். முதலில் சோற்றுக்கு வழி, அப்புறம் தடை. நகல் எழுதும் தொழிலில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வரிசை தலைகீழாகப் போயிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்திருக்கும்.

எதிர்த்தவர்களெல்லாம் வைதிகர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் வித்துவான்கள் உள்ளிட்ட தேவதாசிகளே தங்கள் சொத்துரிமையையும் கலையையும் முன்னிறுத்தி மனுக்கள் அனுப்பினார்கள். அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னாளில் 1932-ல் தேவதாசிகளின் சதிர் ஆட்டத்தைப் பற்றி, அதை ஆதரித்த இ. கிருஷ்ணய்யருக்கும் அம்மையாருக்கும் பத்திரிகைகளில் நடந்த வாதத்தில் நான் கிருஷ்ணய்யர் கட்சி. கலையை அம்மையார் சற்றுக் கடுமையாகவே நடத்தினார் என்பது என் அபிப்பிராயம். அவர்மீது பக்தி கொண்டவர்கள் என்னை மன்னிப்பார்களாக.

மசோதா சட்டமாகுமுன்னரே, 1930 மே மாதம் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். தான் பெற்ற மகவு போன்ற மசோதா சபையில் கிடக்க, ஆசனத்தை விட்டு எழுந்து வருவது எளிதன்று. ஆனால் சபை போனாலும் வேலை போகவில்லை. விடுதிகள் ஏற்க மறுத்த தேவதாசிக் குலச் சிறுமியர் அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அதிலிருந்து அவ்வை இல்லம் என்னும் புகலிடம் பிறந்தது. சட்டமோ 1947-ல், ஓமந்தூரார் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது நிறைவேறியது.

நம் காலத்தில் நிலைமை என்ன? 2021-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பெண்கள் வென்றவை 12. வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆயினும் ஒரே பெண் அமர்ந்திருந்த சபையில், அதுவும் நியமன ஆசனத்தில் இருந்தவர், நிலத்தையும் கோயிலையும் சட்டத்தையும் ஒருங்கே படித்து ஒரு திருத்தத்தை நிறைவேற்றிக் காட்டியதை நினைக்கும்போது, தொகை கூடினால் மட்டும் போதும் என்று வாதிடுவோரோடு என்னால் முழுதும் உடன்பட முடிவதில்லை.

உங்களில் சிலர் அரசியலுக்குப் போவீர்கள், போகவும் வேண்டும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரவை கூடும் காலத்தில் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் ஒரு நாள் உட்காருங்கள். கேள்வி நேரத்தின் ஆரவாரம் முடிந்தவுடன் கூட்டத்தோடு எழுந்துவிடாதீர்கள். பாதி ஆசனங்கள் காலியாகி, மசோதாவின் ஷரத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும் அந்த மந்தமான வேளையிலும் இருந்து பார்த்துவிட்டு, பிறகு டீக்கடைக்குப் போங்கள்.