நார்மன் இல்லத்தில் கூடிய நட்பு

கள்ளக்குறிச்சியை அடுத்த வீரசோழபுரம் சிவன் கோயிலில் சுந்தரரும் பரவை நாச்சியாரும் இணையாக நிற்கும் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது; விசயநகரக் காலத்து வார்ப்பு. 1956ஆம் ஆண்டில் அது கோயிலிலேயே நிழற்படமாகப் பதிவுசெய்யப்பட்டது. பின்னர்க் கோயிலை விட்டு மறைந்து, கடல்கடந்து, ஒரு பெருஞ்செல்வரின் திரட்டில் சேர்ந்து, அவர் வழங்கிய நன்கொடையோடு 1987இல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இம்மாவட்டத்து ஊரே என்பதை அவையோர் அறிவர். அத்திருமேனியைத் தாயகத்துக்குத் திருப்பித் தருவதாக 2026இல் அவ்வருங்காட்சியகம் அறிவித்தது. முடிவுக்குத் துணைநின்ற சான்றுகளில் முதன்மையானது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் காப்பகத்தில் இருந்த அந்தப் பழைய நிழற்படம்.

இத்தகைய செய்திகளால், கலைப்பொருள் திரட்டுவோர் என்ற சொல்லே தமிழர் செவிக்குக் கசந்துவிட்டது. கசப்பு நியாயமானது. ஆயினும் திரட்டியவர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ஏடர்ஸ், எலைசா ஏடர்ஸ் என்னும் வணிக இணையர் பழைய பிளெமிய ஓவியங்களைத் திரட்டினர். அவர்களின் லண்டன் இல்லத்துக்குக் கோலரிட்ஜும் சார்லஸ் லாமும் வருவர். கவிஞரும் ஓவியருமான பிளேக்கை நாட்குறிப்பாளர் கிராப் ராபின்சன் சந்தித்ததும் அவ்வில்லத்து விருந்தில்தான்; ஆண்டு 1825. வறுமையில் இருந்த பிளேக்குக்கு அங்கே இருக்கை கிடைத்தது என்பதற்காகவே அவ்வீட்டை நினைக்கலாம். பின்னர் வாணிகம் நொடித்தது; படங்கள் விலைபோயின; கூட்டமும் கலைந்தது.

இதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, அதே நாட்டில், ஒரு தமிழரின் வீட்டிலும் அத்தகைய நட்பு வட்டம் ஒன்று அமைந்தது. அவர்தாம் ஆனந்த குமாரசுவாமி.

குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்த ஈழத்தமிழர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாய் ஆங்கிலேயர். தந்தை 1879இல் மறைய, மகன் இங்கிலாந்திலேயே வளர்ந்து நிலவியல் கற்றார். 1902இல் எதல் மேரி பார்ட்ரிட்ஜ் என்பாரை மணந்தார். மறு ஆண்டு இணையர் இலங்கை சென்றனர். கணவருக்குக் கனிமவள அளவைத் துறையில் தலைமைப் பணி. கல்லை ஆராயப் போனவரின் கண் அக்கல்லைச் செதுக்கியவனின் பக்கம் திரும்பியது. சிற்றூர்தோறும் சென்று கொல்லர், தச்சர், குயவர், நெசவாளர், தந்த வேலைக்காரர் ஆகியோரிடம் அவர் கேட்டறிந்தார். எதல் ஒளிப்படக் கருவியோடு உடன் சென்றார். செய்பொருளை மட்டுமன்றிச் செய்யும் கையையும் படமெடுத்தார். தையல் வேலைப்பாட்டைத் தாமே ஆராய்ந்து எழுதினார். அப்பயணங்களிலிருந்து பிறந்ததே ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். அதன் நிழற்படங்களில் பெரும்பாலானவை எதலின் கைவண்ணம். நூலைப் பேசுவோர் பலர் அவர் பெயரைப் பேசுவதில்லை.

1907இல் இங்கிலாந்து திரும்பிய இணையர், குளோஸ்டர்ஷயர்ப் பகுதியின் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில் குடியேறினர். சிதைந்து கிடந்த ஒரு நார்மன் காலச் சிறுகோயிலை வீடாக மாற்றித் தந்தவர் கட்டடக்கலைஞர் ஆஷ்பி. அவர் 1902இல் தம் கைவினைக் குழுவினரை, குடும்பத்தாருடன் ஏறத்தாழ 150 பேரை, லண்டனின் கீழைப்பகுதியிலிருந்து அருகிலுள்ள சிப்பிங் கேம்ப்டனுக்குக் கொண்டுவந்தவர். எதலின் உடன்பிறந்தார் பிரெட் அக்குழுவில் அணிகலன் செய்தவர். ஆகவே நார்மன் இல்லத்துக்கு வந்தவர்களில் பலர் ஓவியத்தை விலைக்கு வாங்குவோர் அல்லர். உளியும் சுத்தியலும் பிடித்தவர்கள். ஏடர்ஸ் இல்லத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. அங்கே கவிஞர்கள் படங்களின்முன் அமர்ந்து உரையாடினர். இங்கே கண்டி நாட்டுப் பித்தளை வேலையைக் கையில் எடுத்துப் புரட்டி, இது எவ்வாறு செய்யப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவர்கள் கூடினர்.

நூல் அச்சானதும் அவ்வீட்டிலேதான். வில்லியம் மாரிஸ் தம் புகழ்பெற்ற சாசர் பதிப்பை அச்சிட்ட கையச்சுப்பொறியைக் கொண்டு, 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, 425 படிகள் மட்டும் அச்சிட்டனர். அதன் கருத்தும் அச்சகத்துக்கு ஏற்றதாகவே இருந்தது: மன்னனுக்கும் கோயிலுக்கும் செய்த பணிக்கு ஈடாகக் கைவினைஞன் நிலம் பெற்றிருந்தான், அந்த உரிமை குலைந்தபோது கலையும் குலைந்தது. கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் இன்றும் மரத்தில் தெய்வ உருவம் செதுக்குவோரைக் கண்டவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. செதுக்குபவன் பிள்ளை உளியைத் தொடுவானா என்பது வேறு கேள்வி.

நட்பு வட்டம் லண்டனிலும் விரிந்தது. 1910 சனவரியில் அரசக் கலைக்கழகக் கூட்டமொன்றில், சென்னைக் கலைப்பள்ளித் தலைவராக இருந்த ஹாவல் உரையாற்றினார். தலைமை வகித்த பேர்ட்வுட், சாவகத்துப் புத்தர் சிலையொன்றைக் கொழுப்புக் களியோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஓவியர் ரோதன்ஸ்டைன் உள்ளிட்ட 13 பேர் மறுத்து ‘டைம்ஸ்’ இதழுக்கு மடல் எழுதினர். அவ்வாண்டே இந்தியக் கழகம் தோன்றியது. குமாரசுவாமி அதன் முன்னோடிகளுள் ஒருவர். தாகூரின் ஆங்கிலக் கீதாஞ்சலி 1912இல் முதலில் வெளிவந்தது அக்கழகத்தின் வழியேதான். ஒரு சிலையைப் பற்றிய இகழ்ச்சி ஒரு கவிஞரை உலகுக்கு அறிமுகம் செய்யும் அமைப்பைப் பெற்றுத் தந்தது. பேர்ட்வுட்டுக்கு ஒரு வகையில் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் நார்மன் இல்லம் நிலைக்கவில்லை. ஆஷ்பியின் குழு 1908இல் கடனால் கலைந்தது. குமாரசுவாமியின் உள்ளம் இந்தியாவை நோக்கிச் சென்றது, இணையர் பிரிந்தனர். இராசபுத்திர ஓவியங்களை அவர் ஏராளமாகத் திரட்டினார். காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைப்பதானால் அத்திரட்டைத் தருவதாகச் சொன்னார். நாடு செவிசாய்க்கவில்லை. டென்மன் ராஸ் என்னும் அமெரிக்கர் வழியாக 1917இல் அத்திரட்டு பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. திரட்டியவரும் அதன் காப்பாளராக உடன் சென்றார். 1947இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். கலைப்பொருளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது ஏன் என்ற கேள்வியை அருங்காட்சியகத்துக்குள் அமர்ந்தே எழுதியவரும் அவர்தாம். அக்கேள்வி அவரைச் சுட்டிருக்க வேண்டும். களவுப்பொருள் வாங்கிய செல்வரின் வரிசையில் அவரை நிறுத்துவது அநீதி. எனினும் அவர் திரட்டியவையும் திரும்பி வரவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை.

எதல், ஆஷ்பியிடம் வரைவாளராக இருந்த பிலிப் மேரேயை 1913இல் மணந்து, எதல் மேரே என்னும் பெயரால் அறியப்பட்டார். பொருள் திரட்டும் வாழ்வை விடுத்துத் தறியில் அமர்ந்தார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் நூல் எழுதினார். டிட்ச்லிங் என்னும் ஊரில் நெசவுக்கூடம் அமைத்து, நூற்கவும் சாயமிடவும் நெய்யவும் பல மாணவரைப் பழக்கினார். 1952இல் மறைந்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில், பொருள்களும் அவற்றைச் செய்தவர்களும் தத்தம் ஊரிலேயே இருக்கிறார்கள்.