தரவுத்தளம் கற்க நல்ல நூலைத் தேர்வது எப்படி?



வெள்ளி விழா மேடையில் கணினிப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பதிவேடு எவர் கையில் இருந்ததோ, அவர் கையில்தான் ஊர் இருந்தது. கர்ணத்தின் வீட்டிலிருந்த அடங்கலில் தம் பெயர் உண்டா என்று கேட்கவும் அஞ்சி நின்றவர்கள் நம் முன்னோர். மணியம், கர்ணம் பதவிகள் 1980ஆம் ஆண்டில் ஒழிந்தன. இன்று பட்டாவும் சிட்டாவும் கணினியில் இருக்கின்றன. கணினியில் அடுக்கிவைத்த அப்பதிவேட்டையே தரவுத்தளம் என்கின்றோம். அதை அமைக்கவும் வினவவும் கற்பது பிழைப்புக்கு மட்டுமன்று. பதிவேட்டின் முன் அஞ்சாது நிற்பதற்குமாகும்.

நாம் இதைக் கற்க முற்பட்ட நாளில், பழைய புத்தகக் கடையில் பருமனைப் பார்த்து ஒரு நூலை வாங்கினோம். மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டோம். இது நமக்கு ஏறாத கல்வி என்று முடிவும் கட்டினோம். குறை நம் அறிவில் இல்லை. தேர்வில் இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அத்தவறான முடிவுக்கு நம் பிள்ளைகள் வரலாகாது. ஆகவே, நூலைக் கையில் எடுத்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காரணம் சொல்லும் நூலா? பெரம்பலூர்ப் பகுதியில் சின்ன வெங்காயம் விற்ற கணக்கை எழுதுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் உழவரின் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதினால், எண் மாறும்போது நூறு வரிகளைத் திருத்த வேண்டும். ஒன்றை விட்டாலும் கணக்கு பொய்யாகும். உழவர் ஓர் அட்டவணை, விற்பனை மற்றோர் அட்டவணை, இரண்டையும் இணைக்க ஓர் எண். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வகுத்த முறை இதற்கு அடிப்படை. அதன்மேல் எழுந்த எஸ்.கியூ.எல். மொழி 1986இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. இவ்வடிப்படை இன்றும் பழுதுபடவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் காட்டும் நூலோ அடுத்த பதிப்பு வந்ததும் பழையதாகும்.

இரண்டாவது, செய்து பார்க்க வைக்கும் நூலா? மாதிரி அட்டவணைகளும் பயிற்சிகளும் விடைகளும் வேண்டும். விலையின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகியவற்றில் ஒன்றில் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, காவல் கற்பிக்கும் நூலா? பயனர் தட்டச்சிடும் சொல்லை அப்படியே கட்டளையோடு ஒட்டும் நிரலைக் கற்பித்தால், அந்நூலை வைத்துவிடுங்கள். தீயவன் அச்சொல்லுக்குள் தன் கட்டளையை நுழைத்துப் பதிவேட்டையே அழித்துவிட முடியும். கட்டளை வேறு, மதிப்பு வேறு எனப் பிரித்து அனுப்பக் கற்பிப்பதே நல்ல நூல்.

தமிழில் தொடங்க நாணம் வேண்டா. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் தரவுத்தளமும் எஸ்.கியூ.எல்.லும் தமிழிலேயே உள்ளன. அடுத்து, து. நித்யா எழுதி, கணியம் வழியே இலவச மின்னூலாகக் கிடைக்கும் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' உண்டு. அடித்தளம் உறுதிப்பட்டபின், சில்பர்சாட்ஸ், கோர்த், சுதர்சன் ஆகியோரின் ஆங்கில நூலான 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' பக்கம் செல்லலாம். அம்மூவருள் சுதர்சன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். பருத்த அந்நூலை முதற்படியாகக் கொள்ளாமல், மேற்படியாகக் கொள்வோம்.

இளைஞர்களே! பெரம்பலூரிலும் அரியலூரிலும் நால்வர் ஐவராய்க் கூடி ஒரு நூலைப் பகிர்ந்து படியுங்கள். முதற்பயிற்சியாக நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு மாணவர் பதிவேட்டைத் தரவுத்தளமாக்குங்கள். நம் பிள்ளைகளின் பெயர்களை நம் பிள்ளைகளே பிழையின்றி எழுதிய பதிவேடாக அது விளங்கட்டும்.