33ஆம் எண்ணில் யாரும் பேசவில்லை



காஞ்சிபுரத்து ஏனாத்தூருக்குப் பேச வருகிறவர்கள் பட்டையும் கோபுரத்தையும் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. பட்டை விட்டுவிடுகிறேன். கோபுரம் சற்றுப் பின்னால் வரும்; அது இந்தப் பேச்சுக்கு வேண்டியிருக்கிறது.

2002 டிசம்பரில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் சேவையைத் தொடங்கியபோதுதான் சிடிஎம்ஏ என்ற பெயர் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. மறு ஆண்டே 501 ரூபாய் கட்டினால் கைபேசி என்றார்கள். 2009 பிப்ரவரியில் பிஎஸ்என்எல் சென்னைக்குக் கொண்டுவந்த 3ஜியும் அதே வம்சம். இப்போது 5ஜி காலத்தில் சிடிஎம்ஏவுக்கு ஒரு கருத்தரங்கா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் நமது நாவிக்கும் இன்றும் இந்த முறையில்தான் பேசுகின்றன என்பது ஒரு பதில். ஆனால் என்னை இங்கே நிற்கவைத்த காரணம் வேறு. கருவி தரும் எண்ணை அப்படியே முடிவாக எழுதிவிடும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் பெருகிவிட்டது. அதைப் பற்றிப் பேச சிடிஎம்ஏவைவிட நல்ல இடம் கிடையாது.

சிடிஎம்ஏவின் ஐஎஸ்-95 முறையில் எல்லாச் சேனல்களும் ஒரே 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒரே நேரத்தில் பேசுகின்றன. விநாடிக்கு 12,28,800 சிப்புகள், அதாவது குறியீட்டின் துண்டுகள். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால் மேல் தட்டையான ஒரு மேடு மட்டும் தெரியும். ஓர் அழைப்பா, முப்பதா என்று அந்த மேட்டின் வடிவம் சொல்லாது. 64 வால்ஷ் குறியீடுகளால் ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டினால்தான் சேனல்கள் பிரியும். 0 பைலட், 32 சிங்க், 1 முதல் 7 வரை பேஜிங், மற்றவை அழைப்புகளுக்கு. திரையில் 64 பட்டைகள் நிற்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பைலட் மைனஸ் 7 டெசிபல் என்று வருகிறது. மொத்தத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு என்று பொருள். மாலையில் அழைப்புகள் கூடி மொத்தத் திறன் இரு மடங்கானால் அதே பட்டை மைனஸ் 10க்கு இறங்கும். பைலட்டின் வாட் இம்மியும் அசைந்திருக்காது. 'பைலட் பலவீனம்' என்று அறிக்கை எழுதி ஆம்ப்ளிபயரைக் கழற்றச் சொல்வதற்கு முன், மொத்தம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டாமா?

யாருக்கும் ஒதுக்காத எண்கள் மொத்தத்தைவிட 27 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது விதி. ரோ எனப்படும் அலைவடிவத் தரம் 0.912க்குக் குறையக்கூடாது என்பது இன்னொரு விதி. அதாவது திறனில் 8.8 சதவீதம் வழிதவறலாம். அதை 64 எண்களுக்கும் சமமாகப் பங்கிட்டுப் பாருங்கள்: தலைக்கு மைனஸ் 28.6. இரண்டு விதிகளும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்கின்றன, வழிதவறியது சமமாகப் பரவியிருக்கும் வரை.

சமமாகப் பரவாதபோது என்ன தெரியும்? பைலட், சிங்க், ஒரே ஒரு பேஜிங் ஆகிய மூன்றை மட்டும் இயக்குங்கள்: 0, 32, 1. ஆம்ப்ளிபயரை அதன் எல்லைக்குத் தள்ளுங்கள். 33ஆம் எண்ணில் ஒரு பட்டை எழும்பும். அங்கே யாரும் பேசவில்லை. இரண்டு வால்ஷ் வரிசைகளைச் சிப்புக்குச் சிப் பெருக்கினால் கிடைப்பதும் ஒரு வால்ஷ் வரிசைதான். இரண்டின் எண்களையும் இருமத்தில் எழுதி, மீதி கொண்டுபோகாமல் கூட்டினால் அதன் எண் வந்துவிடும். ஆம்ப்ளிபயரின் மும்மடிக் கோணல் மூன்று வரிசைகளைப் பெருக்குகிறது; 0, 1, 32 சேர்ந்தால் 33. 9ஆம் எண்ணில் ஓர் அழைப்பைச் சேருங்கள், 8, 40, 41 ஆகியவையும் தலைதூக்கும். உள்ளீட்டை ஒரு டெசிபல் குறைத்தால் இந்தப் பேய்ப் பட்டைகள் மொத்தத்தோடு ஒப்பிடுகையில் சுமார் இரண்டு டெசிபல் இறங்கும். நிஜ அழைப்பு அப்படி இறங்காது. கணிதவியலாளர் சில்வெஸ்டர் 1867இல் அடுக்கிய கூட்டல் கழித்தல் குறிகள் இன்று ஆம்ப்ளிபயரின் நோயைக் காட்டிக்கொடுக்கின்றன. எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை.

3ஜியின் டபிள்யூசிடிஎம்ஏவில் இன்னொரு வலை. அங்கே குறியீடுகளின் நீளம் சேனலுக்குச் சேனல் மாறும். 8 சிப் நீளமுள்ள வேகமான டேட்டா சேனலை 256 சிப் அளவில் பார்த்தால் அது 32 பட்டைகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் 15 டெசிபல் குள்ளமாகத் தெரியும். 32 சோம்பல் சேனல்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சிடிஎம்ஏ-2000இல் இது இன்னும் மோசம்: ஹடமார்டு வரிசையில் 16 சிப் சேனல் ஒன்று 5, 21, 37, 53 என்று நான்கு மூலைகளில் நிற்கும். பிட்டுகளைத் திருப்பிப்போட்ட வரிசைக்கு மாற்றினால் நான்கும் ஒட்டிக்கொள்ளும்.

இனி கோபுரம். இதுவரை சொன்னதெல்லாம் கேபிள் போட்டு அளக்கும்போது. ஆன்டெனா வழியாக அளந்தால் கதை மாறும். ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ராஜகோபுரத்தில் பட்டுத் திரும்பும் அலை நேர்வழியைவிட 78 மீட்டர் கூடுதலாக நடந்தால், 3ஜியில் அது ஒரு சிப் பிந்தி வரும். பிந்தி வந்த பிரதிக்கும் மூலத்துக்கும் இடையே குறியீடுகளின் செங்குத்துத்தன்மை நிற்காது. காலி எண்களெல்லாம் உயரும். டிரான்ஸ்மிட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. தெருவில் எடுத்த அளவையும் கைபேசிக் கோபுர அடிவாரத்துப் பெட்டியில் கேபிளில் எடுத்த அளவையும் ஒரே அட்டவணையில் கலந்து சராசரி எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஆகவே அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பட்டை வரைபடம் காட்டுகிற எவரிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எதற்கு ஒப்பாக இந்த டெசிபல்? எந்த நீளத்தில் பிரித்தீர்கள்? எந்த மட்டத்துக்கு மேல் இருந்தால் 'இயங்குகிறது' என்று கருவியிடம் சொன்னீர்கள்? கேபிளா, ஆன்டெனாவா? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மௌனம் கிடைக்கும். கருவியோடு வந்த மதிப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கேள்வி கேட்கும் நேரத்தை இதற்காகவே ஐந்து நிமிடம் நீட்டித் தரும்படி அமைப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.