கடற்பயிர்க் கல்வி
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடற்பாசி, சிப்பி வளர்ப்புக்குப் புதிதாக வருவோரை எவ்வாறு பழக்குவது என்பதுபற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருக்கும் எமக்கு இதிலே பெரிய தகுதி ஒன்றுமில்லை. முதன்முதலாகக் கட்டிய பாசியிற் பாதியைக் கடலுக்கே கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம். அதையே தகுதியாகக் கொள்ளுங்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்திலே தாவரவியல் படித்தபோது கடற்பாசியை நாம் கண்டது காகிதத்தில் ஒட்டிக் காயவைத்த உருவிலேதான். பின்னர், ஒரு மண்டபத்தில் நடந்த ஒருநாட் பயிற்சிக்குப் போனோம். திரையிலே படம் காட்டினார்கள். மத்தியானம் சோற்றுப் பார்சல் தந்தார்கள். மாலையிற் சான்றிதழும் தந்தார்கள். அன்று முழுவதும் ஒருவருடைய காலும் நனையவில்லை.

அந்தச் சான்றிதழோடு விடுமுறையிலே பூநகரிக் கரையில் உள்ள வலைப்பாட்டுக்குப் போனோம். அங்கே பாசி கட்டும் ஓர் அக்கா எம்மை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, கையிலே கயிற்றைத் தந்தார். இந்தப் பாசிக்கு விதை போடுவதில்லை. தாய்ப்பயிரிலிருந்து நூறு, நூற்றைம்பது கிராம் அளவில் முறித்த துண்டைச் சிறு நைலோன் நூலாற் கயிற்றிலே கட்டுவதுதான் நடுகை. இறுக்கிக் கட்டினால் தண்டு அறுந்துபோகும். தளர்த்திக் கட்டினால் அலை உருவிக்கொண்டு போய்விடும். எமது முடிச்சுகளைப் பார்த்து அக்கா, "தம்பியவை, இது சப்பாத்துக்குக் கட்டுற முடிச்சு, பாசிக்கு ஆகாது" என்றார். நாலு நாளைக்குள் கயிற்றிற் பாதி வெறுமையாயிற்று. அவர் கோபிக்கவில்லை. மிதந்துபோன துண்டுகளைப் பொறுக்கி வரச் சொன்னார். மறுபடியும் கட்டச் சொன்னார். பத்தாம் நாளளவிலேதான் எமது விரல்கள் கண்ணின் துணையில்லாமல் அந்த முடிச்சைப் போடப் பழகின.

அதன் பிறகே உண்மையான பாடம் தொடங்கியது. நாள்தோறும் கயிற்றை உலுப்பிச் சேற்றையும் வேற்றுப்பாசியையும் அகற்றவேண்டும். ஓரா மீன் வந்து நுனியைக் கடித்துவிட்டுப் போகும். கடல் சூடேறினால் கிளைகள் ஆங்காங்கே வெண்மையாகி முறிந்துவிடும். வெளுத்த பகுதியை அன்றைக்கே நீக்காவிட்டால் கயிறு முழுவதும் பழுதாகும். வடகீழ்ப் பருவமழை கொட்டி ஆழமில்லாத கடலின் உவர்ப்புக் குறைந்தாலும் பயிருக்குக் கேடுதான். வெண்மையும் வெளுப்பும் படத்திலே ஒன்றாகத்தான் தெரியும். கையில் எடுத்து நசித்துப் பார்த்தவனுக்குத்தான் நோய் எது, வெயிலில் நிறம் மங்கியது எது என்பது விளங்கும்.

கணக்கையும் சொல்லவேண்டும், ஏனெனில் கடன்படுபவர்கள் புதியவர்களே. மண்டபம் கரையிலே பத்தடிச் சதுரத் தெப்பம் ஒன்றுக்கு ஏறக்குறைய அறுபது கிலோ விதைத்துண்டு கட்டுவார்கள். நாற்பத்தைந்து நாளில், எல்லாம் நன்றாக நடந்தால், இருநூறு கிலோவுக்கு மேல் ஈரப்பாசி கிடைக்கும். அடுத்த நடுகைக்கு அறுபதை ஒதுக்கி, மிகுதியைக் காயவைத்தால் அது ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இருநூறு என்று கேட்டு மகிழ்ந்தவன் ஈற்றில் நிறுப்பது பதினைந்து கிலோ அளவுதான். இதை மண்டபத்துப் பயிற்சியில் எவரும் எமக்குச் சொல்லவில்லை.

பாசி எம்மவர்க்குப் புதிய பண்டமன்று. எமது கரைகளில் தானாக விளையும் கஞ்சிப்பாசி 'சிலோன் மொஸ்' என்ற பெயரோடு 19ஆம் நூற்றாண்டிலேயே பிறநாட்டு மருந்து நூல்களில் ஏறிவிட்டது. இப்போது கட்டுகிற கப்பாபைக்கஸ் என்ற இனமோ பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரியது. அங்கே 1970களின் தொடக்கத்திற் பயிராகி, 1995இல் மண்டபத்துக்கு வந்தது. கப்பல் ஏறி வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிடலாம் என்பதற்கு அங்கேயே சாட்சி உண்டு: குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் இப்பாசி படர்ந்திருப்பது 2008இல் வெளியிடப்பட்டது. அறுந்த துண்டுகளைப் பொறுக்கிவரும்படி அக்கா எம்மை ஏவியதன் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. 2013க்குப் பின் அக்கரையிற் கடல்வெப்பத்தால் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. ஆகவே நட்டத்தையும் பாடத்திட்டத்தில் வைக்கத்தான் வேண்டும்.

சிப்பியைப்பற்றி நாம் கண்டது குறைவு. ஆதலாற் சுருக்கமாகவே சொல்வோம். வெற்று ஓடுகளைத் துளைத்துக் கயிற்றிற் கோத்துத் தொங்கவிட்டால் கடலில் மிதக்கும் ஆளிக்குஞ்சுகள் அவற்றிலே தாமாக ஒட்டும். தூத்துக்குடியில் 1970களில் இந்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பழக்கிய முறை இது. கேரளத்து அஷ்டமுடிக் காயலிலும் பரவியிருக்கிறது. தீன் போடவேண்டியதில்லை. ஆனால் ஆளி தண்ணீரை வடித்து உண்ணும் உயிர். தண்ணீரில் உள்ள அழுக்கும் அதற்குள்ளே போகும். விற்குமுன் தூய உவர்நீரில் வைத்து அதைக் கழுவவேண்டும். நந்திக்கடலிலோ நாயாற்றிலோ தொடங்க நினைப்பவர், மாரியில் வெள்ளம் இறங்கிய நாட்களில் அந்த நீரின் உவர்ப்பை அளந்துபார்த்த பின்னரே கம்பு நடவேண்டும்.

கடலோரத்திற் பிறந்தவர்க்கும் பயிற்சியா என்று எம்மூர்ப் பெரியவர் ஒருவர் நகைத்தார். இரணைதீவு மக்கள் 1992இல் தீவைவிட்டு நீங்கி, 2018இலே தாமாகப் படகேறித் திரும்பினார்கள். அந்த இருபத்தாறு ஆண்டுகளிற் பிறந்த பிள்ளை தகப்பனோடு எந்தக் கடலிலே இறங்கிப் பழகியிருக்கும்? 2009க்கு முன்னும் பின்னும் முகாம்களில் வளர்ந்த முல்லைத்தீவுப் பிள்ளைகளின் கதையும் இதுதான். நீந்தவே அஞ்சும் இளைஞர்கள் எமது வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கற்பித்தல் வேண்டும். அது இடம் தெரிவது. 2022இல் கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைகளை எதிர்த்துச் சிறுதொழிலாளர், பெண்கள் உட்பட, நெடுநாள் போராடினார்கள். களங்கண்டிப் பாடும், நடந்து இறால் பிடிக்கும் தரையும் வேலிக்குள் அகப்பட்டதே வழக்கு. பாசிக்கயிறும் கடலை மறிக்கும் வேலிதான். கம்பு நடுமுன் அவ்விடத்திலே தொழில்செய்யும் பெண்களிடம் கேட்டுவருவதைப் பயிற்சியின் முதலாம் நாளில் வைக்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

சங்கத்தாரிடம் எமது வேண்டுகோள் இதுதான். ஒருநாட் சான்றிதழ் வேண்டாம். நடுகையிலிருந்து காயவைத்து நிறுக்கும்வரை, நாற்பத்தைந்து நாளும் ஒரே கயிற்றோடு நிற்கும் பயிற்சியாக இருக்கட்டும். கற்பிக்கும் அக்காமாருக்கு ஆசிரியர்க்குரிய கூலி கொடுக்கப்படட்டும். மாரி ஓய்ந்து கடல் தெளிந்ததும், மாசியில், பத்துப்பேரைச் சேர்க்க அக்கா உடன்பட்டிருக்கிறார். சான்றிதழ் கிடையாது. வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் எம்மிடம் பெயர் தரலாம். தங்கைமாருக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறோம். பழைய உடுப்பும் ஒரு சிறு கத்தியும் கொண்டுவந்தாற் போதும்.